இந்த வாரம் என்ன நடந்தது? எழுதுகிறவர்களின் வாரக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை, கவிதை, நாவல், கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று எதையாவது தொடர்ந்து எழுதிவருபவர்கள் வாரத்துக்கு ஒருமுறை தங்கள் சின்னச் சின்ன முன்னேற்றங்களைக் குறித்துவைக்கும் பழக்கம் பற்றிய பக்கம் இது. தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிப் பாதியில் விட்டவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வாரக் கணக்கு என்றால் சரியாக என்ன?

வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து, போன ஏழு நாளில் எழுத்து சம்பந்தமாக என்னென்ன நடந்தது என்று நாலைந்து வரி எழுதிவைப்பது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பது முடிந்துபோன காரியமாக இருக்க வேண்டும். ‘நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு இங்கே இடமில்லை. ‘நாலாம் அத்தியாயத்தில் அக்காவும் தம்பியும் சண்டை போடும் இடத்தை எழுதி முடித்தேன்’ என்பதற்கு உண்டு. முதல் வரியை மூன்று வருடத்துக்கு வாராவாரம் அப்படியே எழுதலாம், ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது. இரண்டாவது வரியை ஒரு தடவைதான் எழுத முடியும்.

இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா? எழுதினால் போதாதா?

எழுத்து தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறவருக்குப் போதும். ஆனால் நீண்ட வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்களுக்காவது மேலே மண் குவிவது கண்ணுக்குத் தெரியும். நாவல் எழுதுகிறவருக்கு அதுவும் இல்லை. எட்டு மாதம் உழைத்த பிறகும் கணினியில் இருப்பது அதே பெயரில் ஒரு ஃபைல். இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மட்டுமே மனசு அளந்துகொண்டிருக்கும். எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இது வெறும் மனப்பிரமை அல்ல. தெரசா அமாபிலி, ஸ்டீவன் கிரேமர் என்ற இரு ஆய்வாளர்கள் 7 நிறுவனங்களில் வேலை பார்த்த 238 பேரிடம் தினமும் டைரிக் குறிப்பு எழுதி வாங்கினார்கள். கிட்டத்தட்ட 12,000 குறிப்புகள் சேர்ந்தன. 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எளிமையானது: மனிதர்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் மிக அதிகமாக நடந்திருந்தது, தாங்கள் மதிக்கும் வேலையில் ஏதோ ஒரு முன்னேற்றம். அது மிகச் சிறியதாக இருந்தாலும் பலன் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. முன்னேற்றம் தரும் தெம்பைவிடப் பின்னடைவு தரும் சோர்வு வலுவானது.

அவர்கள் பார்த்தது அலுவலகக் குழுக்களை. அங்கே ஒரு வேலை முடிந்தால் பக்கத்து மேஜைக்காரருக்காவது தெரிந்துவிடும். தனியாக எழுதுகிறவருக்கு அந்தப் பக்கத்து மேஜையும் கிடையாது. ஒரு நல்ல பத்தி எழுதிய நாள் சத்தமில்லாமல் கடந்துபோகும், கதை திரும்பி வந்த நாள் மட்டும் மாதக்கணக்கில் நினைவில் நிற்கும். அந்த ஓரவஞ்சனையைக் கொஞ்சம் சரிக்கட்டத்தான் இந்தப் பத்து நிமிடம்.

ஏன் வாரம்? தினமும் குறிக்கக் கூடாதா?

குறிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நாள் என்பது இரக்கமில்லாத அளவு. குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு விருந்தாளி, அலுவலகத்தில் தணிக்கை என்று ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கு முட்டைதான். மூன்று முட்டைகள் வரிசையாக விழுந்தால் நோட்டைத் திறக்கவே கை வராது. மாதம் என்றால் நேர்மாறான தொல்லை, முதல் வாரத்தில் செய்தது கடைசி வாரத்தில் மறந்தே போயிருக்கும். வாரத்தில் நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும். இரண்டும் நினைவிலும் இருக்கும்.

இதில் பழைய கைதேர்ந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலோப். அஞ்சல் துறையில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே நாவல்களாக எழுதிக் குவித்தவர். ஒவ்வொரு நாவலையும் தொடங்கும்போது ஒரு டைரியை வாரவாரமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதிய பக்கங்களை அதில் பதிந்துவந்தார். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் கணக்கைச் சொல்கிறார்: வாரத்துக்குச் சராசரி 40 பக்கம், குறைந்தபட்சம் 20, அதிகபட்சம் 112. பக்கத்துக்கு 250 சொல்.

இதைக் கேட்கிற எல்லோரும் 112ஐப் பிடித்துக்கொண்டு மலைத்துப்போகிறார்கள். கவனிக்க வேண்டியது 20தான் என்பது எங்கள் கருத்து. மற்ற வேலை அதிகமா குறைவா, நாவலை அவசரமாகக் கேட்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்து, அந்தந்தக் காலத்துக்கு எவ்வளவு என்று அவரே முன்கூட்டி முடிவு செய்துகொண்டார். நெருக்கடியான மாதத்தில் இலக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதை அவர் தோல்வியாக எண்ணவில்லை. இயந்திரம் மாதிரி எழுதியவர் என்று பெயர் வாங்கிய மனிதரே இப்படி என்றால் நமக்கென்ன.

சொற்களை எண்ணிக் குறித்தால் போதாதா?

முதல் வரைவுக்குப் போதும், அந்தக் கட்டத்தில் அது நல்ல அளவுகோலும்கூட. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு அட்டையில் தினசரிச் சொல் எண்ணிக்கையைக் குறித்துச் சுவரில் வைத்திருந்தார். 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் அந்த எண்கள் வருகின்றன: 450, 575, 462, 1250, 512. நடுவில் திடீரென்று எண் எகிறியிருந்தால் அவர் மறுநாள் மீன்பிடிக்கப் போகத் திட்டமிட்டிருக்கிறார் என்று பொருள். குற்ற உணர்ச்சியில்லாமல் தூண்டில் போட முன்கூட்டியே கூடுதலாக உழைத்துவிடுவார்.

திருத்தம் தொடங்கியதும் இந்த அளவுகோல் உளற ஆரம்பிக்கும். 1,800 சொல் கதையை 1,300ஆகக் குறுக்கி அது உயிர்பெற்றுவிட்ட வாரத்தில், எண்ணிக்கைப்படி நீங்கள் 500 சொல் நஷ்டத்தில் இருப்பீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணே குறிக்கோளாகிவிட்டால் உரையாடல்கள் தானாக நீளும். ‘வந்தாயா?’ ‘வந்தேன்.’ ‘எப்போது?’ ‘இப்போதுதான்.’ கதாபாத்திரங்கள் காரணமே இல்லாமல் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வாசகருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே எண்ணைக் குறிப்பதானால் பக்கத்தில் ஒரு வாக்கியமும் எழுதுங்கள். ‘2,100 சொல்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் விளங்காது. ‘2,100 சொல், பெரியப்பா வீட்டை விற்கும் காட்சி’ என்றால் விளங்கும்.

எதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம்?

காட்சி முடித்தது, பத்தி முடித்தது, வரைவு முடித்தது எல்லாம் சொல்லாமலே தெரியும். இவற்றைவிட அதிகமாகத் தவறவிடப்படுவது முடிவுகள். தன்மையில் எழுதிக்கொண்டிருந்த கதையைப் படர்க்கைக்கு மாற்றுவது, மூன்று சகோதரர்களை இருவராக்குவது, கதை மரணத்தில் தொடங்காமல் மறுநாள் காலையில் தொடங்கினால் என்ன என்று கண்டுபிடிப்பது. இவை நடக்கும்போது காகிதத்தில் எதுவும் கூடாது, சில சமயம் பத்துப் பக்கம் குப்பைக்குப் போகும். அதனாலேயே அந்த வாரம் வீணாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒரு நாவலின் தலையெழுத்து பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏழெட்டு வாரங்களில்தான் தீர்மானமாகிறது. பாக்கி எல்லாம் அந்த முடிவுகளை நிறைவேற்றுவது.

அடுத்தது சந்தேகம் தீர்த்தவை. கதை நடக்கும் வருடத்தில் அந்த ஊருக்கு ரயில் ஓடியதா, தறியில் எந்தப் பகுதியைக் காலால் மிதிப்பார்கள், அந்தக் காலத்தில் தந்தி எப்படி வந்தது என்று தேடிப்பிடித்து உறுதி செய்வது எழுத்து வேலைதான். தேடல் சுகமாக இருப்பதால் அதிலேயே கரைந்துபோகிறவர்களும் உண்டு. எனவே ‘நெசவு பற்றி வாசித்தேன்’ என்று எழுதாமல், ‘தறி பற்றிய சந்தேகம் தீர்ந்தது, இரண்டாம் பக்கத்தைத் திருத்திவிட்டேன்’ என்று கதையில் கொண்டுவந்து முடித்த பிறகு எழுதுங்கள்.

தலைப்பு கிடைத்தது, கடைசி வரி மாறியது, எங்கோ காதில் விழுந்த பேச்சைக் குறித்துவைத்தது, நண்பரின் கையெழுத்துப்படியைப் படித்து ஒழுங்காகக் கருத்துச் சொன்னது, எல்லாம் சேரும். கடைசியாகச் சொன்னதைச் சேர்க்கச் சிலர் தயங்குகிறார்கள். அடுத்தவர் கதையில் எங்கே தொய்கிறது என்று காரணத்தோடு சொல்லப் பழகியவருக்குத் தன் கதையின் தொய்வு சீக்கிரம் கண்ணில் படும். தயங்காமல் சேருங்கள்.

வெட்டியது எப்படிச் சாதனையாகும்?

எழுதியதைவிட வெட்டியது பெரிய சாதனையாக இருக்கும் வாரங்கள் உண்டு. ‘தொடக்கத்தில் இருந்த ஊர் வருணனை ஒன்றரைப் பக்கம் நீக்கம்’ என்று பெருமையாகவே எழுதலாம். வெட்டியதை வேறொரு ஃபைலில் போட்டுவையுங்கள். அதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஆனால் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் கை தைரியமாக வெட்டும்.

படித்தது?

படிப்பு உங்கள் எழுத்தில் ஏதாவது தடம் விட்டிருந்தால் சேரும். ஒரு குறிப்பு, ஒரு கேள்வி, ‘காலம் தாண்டுவதை இவர் ஒரே வாக்கியத்தில் செய்கிறார்’ என்பது போன்ற ஒரு கவனிப்பு போதும். வெறுமனே புத்தகப் பெயர்களை அடுக்குவதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யோசித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் எழுதவில்லை. அது?

யோசித்து என்ன கிடைத்தது என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த வாக்கியத்தைக் குறியுங்கள். முடியாவிட்டால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதழுக்கு அனுப்பியது, பிரசுரமானது, பரிசு கிடைத்தது இவையெல்லாம்?

அனுப்பியது உங்கள் காரியம், அது கணக்கில் வரும். ஏற்றுக்கொள்வதும் நிராகரிப்பதும் வேறொருவர் மேஜையில் நடப்பவை. சந்தோஷமாக இருங்கள், நண்பர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்க்கத் தொடங்கினால் யாரும் எதையும் ஏற்றுக்கொள்ளாத வாரங்கள் தானாகவே வெறும் வாரங்களாகிவிடும். அப்படிப்பட்ட வாரங்கள்தான் எந்த எழுத்தாளர் வாழ்க்கையிலும் அதிகம்.

கதை திரும்பி வந்ததா? அதை ஒருமுறை படித்துப் பார்த்து, தேவையானால் திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்பியதும் குறியுங்கள். எந்தக் கதை எங்கே, எந்தத் தேதியில் போயிருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் இருப்பது நல்லது. பல இதழ்கள் ஒரே படைப்பை ஒரே நேரத்தில் வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று கேட்கின்றன. மறதியால் இரண்டு இடத்துக்குப் போய், இரண்டு இடத்திலும் ஏற்றுக்கொண்டால் அந்தத் தர்மசங்கடத்தைச் சொல்லி மாளாது.

முகநூலில் எழுதும் பதிவுகள்?

அந்தப் பதிவை நாளைக்கு ஒரு தொகுப்பில் சேர்க்கக் கொடுப்பீர்களா? ஆம் என்றால் குறியுங்கள். இல்லையென்றால் அது பேச்சு. பேச்சும் வேண்டியதுதான், ஆனால் அதற்கு விருப்பக்குறிகளாகவே கூலி உடனுக்குடன் வந்துவிடுகிறது, இங்கே இன்னொரு வரவு தேவையில்லை.

இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?

ஆகலாம். ‘புதிய நோட்டு வாங்கினேன்’, ‘மேஜையை ஒழுங்குபடுத்தினேன்’, ‘எழுத்துருவை மாற்றினேன்’ என்றெல்லாம் போகத் தொடங்கினால் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது நடக்காமல் போயிருந்தால் கையெழுத்துப்படியில் எது குறைந்திருக்கும்? பதில் ஒன்றுமில்லை என்றால் அடித்துவிடுங்கள். சிறியதா பெரியதா என்பது பிரச்சினையே இல்லை. ஒரு காற்புள்ளியை எடுத்ததால் வாக்கியத்தின் தொனி மாறியிருந்தால் அந்தக் காற்புள்ளி கணக்கில் வரும்.

ஒன்றுமே நடக்காத வாரத்தில் என்ன எழுதுவது?

‘இந்த வாரம் எதுவுமில்லை’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் காரணத்தை இரண்டு மூன்று சொல்லில் போடுங்கள். வெற்றுப் பக்கம் விட வேண்டாம்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் நாட்குறிப்புகளில் எதுவும் எழுதவில்லை என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வரும். அதே நாட்குறிப்புகளில்தான் 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு முழுக் கதையை ஒரே மூச்சில் முடித்த பதிவும் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்ததில் கால்கள் விறைத்துப்போய், மேஜைக்கு அடியிலிருந்து இழுத்தெடுப்பதே சிரமமாக இருந்ததாம். வெறும் வாரங்களைக் குறிக்காமல் விட்டிருந்தால் அப்படியொரு இரவு எவ்வளவு அபூர்வம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

காரணத்தைக் குறிப்பதற்கு இன்னொரு பயன் உண்டு. வெறும் வாரங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. வீட்டிலோ வேலையிலோ நெருக்கடி வந்து எழுத முடியாமல் போன வாரம் ஒன்று. பெரிய வரைவு ஒன்றை முடித்துவிட்டு ஓய்ந்து கிடக்கும் வாரம் இன்னொன்று. இவை இரண்டுக்கும் மருந்து தேவையில்லை, தானாகச் சரியாகும். மூன்றாவது ரகம் நேரமும் இருந்து, உடம்பும் நன்றாக இருந்து, அந்த ஃபைலை மட்டும் திறக்காத வாரம். காரணம் எழுதும் இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இரண்டு மூன்று தடவை வந்தால், கதையில் எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ அங்கே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் எழுதப் பயப்படும் காட்சி ஒன்று அங்கே காத்திருக்கும். அதைத் தாண்டிக் குதித்து, அதற்கடுத்த காட்சியை முதலில் எழுதிப் பார்க்கலாம்.

ஒரு மாதிரி காட்டுங்களேன்.

வேலைக்குப் போய்க்கொண்டு நாவல் எழுதும் ஒருவரின் வாரம் இப்படி இருக்கலாம்:

‘ஆறாம் அத்தியாயம்: மருத்துவமனைக் காட்சி முதல் வரைவு முடிந்தது. சுமார் 900 சொல்.
அம்மாவுக்கு உண்மை முன்பே தெரியும் என்று வைத்துவிட்டேன். இதனால் மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு இடம் மாற வேண்டும்.
அதில் ஓர் இடம் மாற்றியாகிவிட்டது.
பழைய சிறுகதையை வேறோர் இதழுக்கு அனுப்பினேன்.
அடுத்த வாரம் முதலில்: மூன்றாம் அத்தியாயம், கடிதம் வரும் இடம்.’

இதில் முக்கியமான வரி இரண்டாவது. மற்றவை அந்த வாரத்து உழைப்பு, அது மட்டும் நாவலையே திருப்பிவிட்ட திருப்பம். ஒரு வருடம் கழித்து ‘அம்மா பாத்திரம் எப்போது இவ்வளவு அழுத்தமானது?’ என்று யோசித்தால் தேதியோடு பதில் இருக்கும்.

கடைசியில் ‘அடுத்த வாரம் முதலில்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது எதற்கு?

இடைவெளி விட்டுத் திரும்பி வரும்போது பாதி நேரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். அந்த ஒரு வரி இருந்தால் நேராக அங்கே போய் உட்காரலாம். அரை மணி நேரமே கிடைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரிக்காகவே வாரக் கணக்கு எழுதலாம். ‘நாவலைத் தொடர வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. எந்த அத்தியாயம், எந்த இடம், யார் பேசுகிறார்கள் என்பது வரை இருக்கட்டும்.

நோட்டா, கைப்பேசியா, எக்செல்லா?

எது கையருகில் இருக்கிறதோ அது. எக்செல்லில் வண்ணம் தீட்டி, வரைபடம் போட்டு, சூத்திரம் எழுதுகிறவர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

எழுதும் நோட்டிலேயே கணக்கையும் வைத்துக்கொள்வது சிலருக்குப் பொருந்தும். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1951இல் ஒரு பெரிய நாவலை எழுதும்போது பெரிய நோட்டு ஒன்றின் இடப்பக்கங்களில் தன் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்குத் தினமும் கடிதம்போல எழுதிவந்தார். நேற்று எப்படிப் போனது, இன்று என்ன எழுதப் போகிறேன், பென்சில் சரியில்லை என்பது வரை அதில் இருக்கும். வலப்பக்கத்தில் நாவல். கடிதம் அவருக்குக் கை சூடாக்கிக்கொள்ளும் பயிற்சியாகவும் இருந்தது. கணக்கு எழுத உட்கார்ந்து அப்படியே நாவலுக்குள் போய்விட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்.

கவிதை எழுதுகிறேன். சில மாதம் ஒரு கவிதைதான் வரும். எனக்கு இது ஒத்துவருமா?

வரும், ஆனால் அலகு மாறும். ஒரு சொல்லை மாற்றியது, ஒரு வரியை உடைத்தது, மூன்றாவது பத்தியிலேயே கவிதை முடிந்துவிட்டது என்று கண்டுகொண்டு நாலாவதை எடுத்தது என்று எழுதலாம். பழைய வடிவத்தை அழித்துவிடாமல் தேதியோடு வைத்துக்கொண்டால் அதுவே கணக்கு. எதுவும் வராத காலத்தைக் கவிஞர்கள் நாவலாசிரியர்களைவிட அமைதியாக எடுத்துக்கொள்வதாகத்தான் தோன்றுகிறது. அந்த அமைதியைக் கெடுக்கும் என்றால் இந்தப் பழக்கம் உங்களுக்கு வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது இன்னும் பொருத்தம். பக்கக் கணக்கோடு, அந்த வாரம் அவிழ்ந்த முடிச்சுகளையும் எழுதுங்கள். ஒரு வசைச்சொல்லுக்கு, ஓர் உறவுமுறைக்கு, ஒரு நகைச்சுவைக்கு எப்படி வழி கண்டீர்கள் என்ற குறிப்பு இருபது அத்தியாயம் தள்ளி அதே சொல் மறுபடி வரும்போது காப்பாற்றும்.

தினமும் விடாமல் எழுதி, எழுதிய நாளை நாள்காட்டியில் குறித்துவரும் சங்கிலி முறை இதைவிடச் சிறந்தது இல்லையா?

சிலருக்குச் சங்கிலி உதவுகிறது. தொடக்கத்தில், பழக்கமே இல்லாத நிலையில், குறிப்பாக. சிக்கல் சங்கிலி அறுபடும் நாளில் வருகிறது. நாற்பது நாள் எழுதி ஒரு நாள் தவறினால், அந்த நாற்பது நாள் எழுதியது எங்கும் போய்விடவில்லை. ஆனால் நாள்காட்டியில் எல்லாம் போய்விட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்து, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அதேபோல, 1999இல் அமெரிக்காவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய நவம்பர் மாத நாவல் சவாலில் 30 நாளில் 50,000 சொல் எழுத வேண்டியிருந்தது, நாளுக்குச் சுமார் 1,667 (அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது). உள்ளே இருக்கும் குறைசொல்லியை வாயடைக்கச் செய்ய அது நல்ல வழி. ஆனால் டிசம்பரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த எண்ணிடம் பதில் இல்லை. டிசம்பருக்குத்தான் வாரக் கணக்கு.

மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு கதை எழுதுகிறார்கள். என் கணக்கைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல் வரிசையாக 2014இல் தொடங்கி 2020 வரை நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டார், 26 நூல்கள். மௌனி தன் வாழ்நாள் முழுவதும் எழுதிய சிறுகதைகள் சுமார் 24. இருவரையும் விட்டுவிட்டுத் தமிழ்ப் புனைகதை பற்றிப் பேச முடியாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் வேகத்தை வைத்து ஒருவரை எடைபோடலாம் என்று தோன்றினால், உங்கள் வாரக் கணக்கைப் போன வருடத்து உங்கள் வாரக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறு யாருடைய கணக்கும் உங்களிடம் இல்லை. அவர்கள் வெளியே சொல்லும் செய்திதான் இருக்கிறது.

யாரிடமாவது காட்டலாமா?

ஒருவரிடம் காட்டலாம். அவரும் எழுதுகிறவராக இருந்து, அவர் கணக்கை உங்களுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. படிப்பவருக்கு ஒரே ஒரு விதி: தரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது, ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். ‘அம்மாவுக்குத் தெரியும் என்றால் ஏன் சும்மா இருந்தாள்?’ என்ற மாதிரி ஒரு கேள்வி அடுத்த வாரத்தையே நகர்த்திவிடும். ‘அருமை, தொடருங்கள்’ எதையும் நகர்த்தாது.

பொதுவெளியில் அறிவிப்பது வேறு கதை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தாங்கள் ஆக விரும்பும் அடையாளம் சார்ந்த நோக்கங்களைப் பிறர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள், சொல்லாமல் வைத்திருந்தவர்களைவிட அதற்காகக் குறைவாக உழைத்தார்கள். சொன்ன மாத்திரத்திலேயே பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது போலிருக்கிறது. ஆகவே செய்யப்போவதை அறிவிக்க வேண்டாம். செய்து முடித்ததைச் சொல்வதானால் உங்கள் இஷ்டம்.

புத்தகம் அச்சுக்குப் போகும் காலத்தில்?

மெய்ப்புத் திருத்தியது, பின்னட்டைக் குறிப்பு எழுதியது, அட்டைப்படம் முடிவானது எல்லாம் நிஜமான வேலை, குறியுங்கள். ஆனால் தனித் தலைப்பின் கீழ். இல்லாவிட்டால் வெளியீட்டு விழா, அறிமுகக் கூட்டம், நேர்காணல் என்று நோட்டு நிரம்பி வழியும். புதிதாக ஒரு வரியும் எழுதாமல் அரை வருடம் போனது கண்ணிலேயே படாது.

பழைய கணக்குகளை எப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பார்ப்பது தட்டிக்கொடுத்துக்கொள்ள மட்டும் அல்ல. ஒரே காரியம் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். ‘முதல் அத்தியாயத்தைச் செப்பனிட்டேன்’, ‘முதல் அத்தியாயம் மெருகேறியது’, ‘தொடக்கத்தை மறுபடி எழுதினேன்’ என்று வாராவாரம் வந்திருந்தால், தனித்தனியாகப் பார்க்கையில் ஒவ்வொன்றும் நல்ல வாரம். சேர்த்துப் பார்த்தால் ஒரே இடத்தில் நின்று மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று இன்னும் தெரியாததால் முதலாவதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பீர்கள். அன்றைய மனநிலையில் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, நோட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

அதேபோல, நல்ல வாரங்களுக்கு முந்தைய வாரங்களில் என்ன இருந்தது என்றும் பாருங்கள். சிலருக்கு அங்கே நிறைய வாசிப்பு இருக்கும். சிலருக்கு நீண்ட நடை, சிலருக்கு ஒரு நண்பரோடு சண்டை. எது இருந்தாலும் அது உங்கள் எழுத்துமுறை பற்றிய தகவல், எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது.

எப்போது நிறுத்தலாம்?

எழுத்து மும்முரமாகப் பாயும் வாரங்களில் கணக்கை மறந்தால் மறந்துவிடுங்கள், பிறகு வந்து ஒரே வரியில் சேர்த்துக்கொள்ளலாம். குறிப்பில் போடுவதற்கென்றே வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் இரண்டு மாதம் நோட்டை மூடிவையுங்கள். அந்த வாரம் நீங்கள் எழுதியதிலேயே சிறந்த உரைநடை வாரக் கணக்குதான் என்றாலும் அப்படியே.

பல வருடமாக எழுதுகிறேன். விட்டுப்போன காலத்தையும் நினைவிலிருந்து எழுதி நிரப்பலாமா?

வேண்டாம். அது சுயசரிதை ஆகிவிடும். இந்த வாரத்திலிருந்து தொடங்குங்கள்.